செயலாளரின் ஆண்டறிக்கை: குறியாக்க நிரலும் உரிமமும்

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதாந்தச் சந்திப்புகள் வழமைபோல வெள்ளவத்தையில் நடைபெற்றன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு எம்மை அதிகம் பேசவைத்த விடயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்கு நாம் அனுப்பும் குறியாக்க நிரல்களின், அதாவது தகவலை மறைத்துக் காக்கும் நிரல்களின், உரிமம்.

எமது இளம் அங்கத்தவர் ஒருவர் சிறிய செயற்கூறு ஒன்றை எழுதினார். செய்தி இடையில் மாற்றப்படவில்லை என்று காட்டும் சரிபார்ப்புக் குறியை அது ஒப்பிடும். எந்த பைட்டில் வேறுபாடு வந்தாலும் எடுக்கும் நேரம் ஒன்றுதான், ஆகவே நேரத்தை அளந்து எவரும் எதையும் ஊகிக்க முடியாது. நிரலைச் சேர்க்கும்படி கேட்கும் புல் ரிக்வெஸ்ட் போனதும், திட்டத்தின் பராமரிப்பாளர் நிரலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கோப்பின் முதல் வரியில் உரிமக் குறிப்பு எங்கே, இது உங்களுடையதா உங்கள் நிறுவனத்தினுடையதா என்றுதான் கேட்டார். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், தொழில்தருநருக்கே உரியது. எமது அங்கத்தவர் தமது நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்த்து, நிறுவனத்திடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்கி அனுப்பிய பிறகே நிரல் சேர்க்கப்பட்டது. அந்தப் பொறுமைக்கு இச்சபையின் பாராட்டு உரியது.

இதெல்லாம் வீண் அலைச்சல் என்று சிலர் குறைப்பட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரல்தொகுப்பு பல ஆண்டுகள், விளம்பரங்களில் அதன் பெயரைக் குறிப்பிடவேண்டும் என்ற நிபந்தனை கொண்ட பழைய உரிமத்தில் இருந்ததால், அதைப் பயன்படுத்த விரும்பிய, ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள மென்பொருள்கள் தனி விதிவிலக்கு எழுதிச் சேர்த்தன. உரிமத்தை மாற்ற முனைந்தபோது பழைய பங்களிப்பாளர்களைத் தேடித்தேடிச் சம்மதம் கேட்க வேண்டியதாயிற்று. 2021 செப்டெம்பரில் வந்த 3.0 பதிப்பில்தான் அப்பாச்சி 2.0 என்ற புதிய உரிமம் நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஜிபிஎல் 3 உடன் பொருந்தும், ஜிபிஎல் 2 மட்டும் என்றிருக்கும் நிரலுடன் பொருந்தாது.

குறியாக்கத்தில் ஆக்கவுரிமைச் (பேட்டன்ட்) சிக்கல் வேறு இருக்கிறது. ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறைக்கு அமெரிக்காவில் 2000 வரை ஆக்கவுரிமை இருந்தது. ஓசிபி என்ற வேகமான குறியாக்க முறையைப் பலர் நெடுங்காலம் தொடத் தயங்கியதற்கும் அதுவே காரணம். ‘பொதுவில் விட்டுவிட்டேன்’ என்று சொல்லும் சிசி0 உரிமக் குறிப்பைப் போட்டாலும், ஆக்கவுரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. லினக்ஸ் இயங்குதளமான பெடோராவின் திட்டம் 2022 இல் புதிய நிரல்களுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. அப்பாச்சி 2.0 ஆக்கவுரிமை அனுமதியையும் சேர்த்தே தருகிறது. ஆய்வுக் கட்டுரையோடு வரும் மாதிரி நிரலை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும்: உரிமம் எழுதப்படாத நிரலைப் பகிர எவருக்கும் அனுமதி இல்லை. கட்டுரையை வாசித்து நாமே எழுதுவதே சரியான வழி.

சங்கத்தின் பெயரில் போகும் ஒவ்வொரு கோப்பிலும் உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகக் குறிக்கும் எஸ்பிடிஎக்ஸ் வரி, எழுதியவரின் ஒப்புதல் வரி, தேவைப்படின் தொழில்தருநரின் கடிதம் ஆகியவை இருக்கவேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழுவின் சார்பில் சபையின் வாக்கெடுப்புக்கு முன்வைக்கிறேன்.