மருத்துவர் ஐடா ஸ்கடர் நினைவு நாள்: மே 24

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வேலூர் வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் மருத்துவம் பார்த்த ஐடா ஸ்கடர், 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த அவருக்கு முதலில் மருத்துவராகும் எண்ணமே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ உதவி கேட்டு வந்தவர்கள், ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை ஏற்க மறுத்துத் திரும்பிச் செல்ல, அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதே அவர் வாழ்க்கையின் திசையை மாற்றியது. அமெரிக்காவில் பயின்று 1899இல் பட்டம் பெற்றவர், 1900இல் திரும்பி வந்து ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902இல் ஷெல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. அந்தப் பள்ளியே இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி.

ஆயினும், மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடிக் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் சென்று, மரநிழலில் புண்களுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுத்த அவருடைய சாலையோரப் பணியையே நான் மிக உயர்ந்ததாகக் கருதுகிறேன். அதைப் பற்றித் தங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றை, மே 24க்குள் உறுப்பினர்கள் இக்குழுவில் எழுத்தாகவோ குரல்பதிவாகவோ பகிருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.