பெட்டியின் இரகசியத்தை அச்சிட்டது சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மகரகமவுக்குப் போய்வரும் பிள்ளைகளின் பயணச் செலவுக்கென்று தச்சர்களாகிய நாங்கள் திருகோணமலையில் நடத்திய மரப் புதிர்ப் பெட்டி விற்பனை பற்றிக் கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் செய்தி வந்தது. போட்டதற்கு நன்றி. ஆனால் படத்துக்குக் கீழே, எந்தப் பலகையை முதலில் தள்ளுவது, பெட்டியை எந்தப் பக்கம் சரிப்பது, மூடி எப்படி விலகும் என்று வரிசையாக எழுதிவிட்டு, "வழி தெரிந்தால் திறப்பது சுலபம்" என்று முடித்திருக்கிறீர்கள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

அந்தப் பெட்டிக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை. வாங்குகிறவர் காசு கொடுப்பதே அந்த வழியைத் தானாகக் கண்டுபிடிக்கத்தான். முடியாதவர்களுக்காக வழியை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பெட்டியோடு கொடுத்தோம். பிரிப்பதும் பிரிக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம். நீங்களோ நொடி போடுகிறவன் வாய் மூடுமுன் பக்கத்தில் நின்று விடையைச் சொல்லிவிட்டீர்கள். பேரனுக்கென்று சொல்லிவைத்த ஒரு பெரியவர் திங்கட்கிழமையே வந்தார். "தம்பி, பொடியன் பேப்பரைப் பார்த்திட்டான், இனி எனக்கு வேண்டாம்" என்றார். அவரில் நான் என்ன குறை சொல்ல?

ஜப்பானில் ஹகோனே என்ற மலைப்பகுதியில் நூறு வருடத்துக்கு மேலாக இந்த வகைப் பெட்டிகளைச் செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 4 அசைவில் திறப்பதும் உண்டு, 70 அசைவைத் தாண்டுவதும் உண்டு. ஒரு பலகை மயிரளவு விலகினால்தான் அடுத்தது அசையும். எங்கள் பெட்டியில் இதோடு ஒரு மரஆணியும் உள்ளே இருக்கிறது. சரியான பக்கம் சரித்தால் மட்டும் அது தன் பாரத்தில் விழுந்து வழிவிடும்.

இதைத் திருகோணமலையில் செய்வது லேசான காரியமல்ல. மரம் நீளவாட்டில் அநேகமாக அசையாது, குறுக்கே பருக்கும், சுருங்கும். கச்சான் காற்றில் காய்ந்து கிடக்கும்போது இறுக்கமாகச் சீவிப் பொருத்தினால் மாரியில் பலகை ஊதிப் பெட்டி திறக்கவே மாட்டாது. மாரியில் பொருத்தினாலோ கச்சான் வந்ததும் எல்லாம் தளர்ந்து, குலுக்கினாலே திறந்துவிடும். இரண்டு காலத்துக்கும் தாங்குகிற இடைவெளி எவ்வளவு என்று கைக்குத்தான் தெரியும். என் கைக்கு அது தெரிய வருடங்கள் பிடித்தன. இதையெல்லாம் உங்கள் நிருபரிடம் நின்று நிதானமாகச் சொன்னேன். ஒரு வரிகூட வரவில்லை. பிரதம விருந்தினர் பெயர் வந்தது, விளக்கேற்றியவர்கள் பெயர் வந்தது, நன்றியுரை சொன்னவர் பெயரும் வந்தது. பெட்டி செய்த நாலு பேரில் ஒருவர் பெயரும் இல்லை.

இது இன்று நேற்று நடப்பதில்லை. 2004 டிசம்பர் சுனாமியில் எங்கள் பகுதித் தச்சர்கள் உளி, சீவுளி, வாள் எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தோம். பிறகு உதவ வந்தவர்கள் தச்சு ஆயுதங்கள் தந்தார்கள், நன்றியோடு வாங்கினோம். பேப்பர்களில் தந்தவர்கள் படம் வந்தது. அந்த ஆயுதங்களை வைத்து யார் வீட்டுக் கதவுகளைத் திரும்பச் செய்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. சாவண்டலை மரத்தை உலக மரச் சந்தையில் 'திருகோணமலை மரம்' என்றே சொல்வார்கள். ஊரின் பெயரை ஒரு மரம் சுமக்கிறது, ஆனால் இந்த ஊரில் கலியாணத்துக்குத் தளபாடம் எடுப்பவர்கள் மொறட்டுவைக்குப் போகிறார்கள். எங்களிடம் வந்தால் பேரம் பேசுகிறார்கள். உங்கள் செய்தியிலும், ஒரு பெட்டி 6,500 ரூபா என்பதைச் சொல்லிவிட்டு, "நல்ல காரியம் என்பதால் மக்கள் விலை பாராது வாங்கினர்" என்று எழுதியிருந்தது. ஐயா, மரத்துக்கும் பசைக்கும் போக மிச்சம் முழுவதும் பிள்ளைகளுக்குப் போனது. கூலி என்று நாங்கள் ஒரு சதமும் எடுக்கவில்லை. கூலி சேர்த்தால் அந்த விலைக்கு ஒருவராலும் செய்ய முடியாது. வாங்கியவர்களின் நல்ல மனதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் நல்ல சாமானை வாங்கிப்போனார்கள் என்பதையும் நீங்கள் எழுதியிருக்கலாம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. விற்காமல் இருக்கும் பெட்டிகளைப் பிரித்து உள்ளே ஆணிகளின் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கிறோம். உங்கள் பத்திரிகையில் வந்த வழியில் அவை திறக்காது என்பதை மட்டும் அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் போட்டு உதவுங்கள். அடுத்த விற்பனைக்கும் உங்கள் நிருபர் வரவேண்டும். அப்போது மூடிய பெட்டியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளி ஒருவர்,
பாலையூற்று, திருகோணமலை.