எங்கள் பலகையில் உள்ள ‘பொட்டீக்’

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ‘லேடீஸ் டைலர்ஸ்’ என்றிருந்த பலகையில் ‘பொட்டீக்’ ஏறியதும் வருகிறவர்கள் கேட்பது இரண்டு: அப்படியென்றால் என்ன, தையல் கூலி ஏறுமா? கூலி ஏறவில்லை. சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

பிரெஞ்சில் ‘பூத்தீக்’ என்றால் சின்னக் கடை, அவ்வளவுதான். கிரேக்கத்தில் சரக்கறையைக் குறித்த ‘அபோதீகே’ லத்தீன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் அதே வேர்ச்சொல் மருந்துக்கடையானது. ஸ்பெயினில் ‘போதேகா’ ஆகி ஒயின் கிடங்கைக் குறித்தது.

நம் ஊருக்கும் இது புதுச்சொல் அல்ல. இந்தியாவில் ஆங்கிலேயர் பேச்சில் புழங்கிய சொற்களைத் தொகுத்து 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இலங்கையிலும் சென்னை மாகாணத்திலும் உள்ளூர்க்காரர்களின் சிறு கடைக்கு இந்தப் பெயர் வழங்கியதாகச் சொல்லி, போர்த்துக்கீசிய வடிவத்தையும் காட்டுகிறது. ஆக, அன்றைய மெட்ராஸ் வெள்ளைக்காரர் வாயில் பொட்டீக் என்பது கிட்டத்தட்ட நம் பெட்டிக்கடை! (ஒலி ஒத்திருப்பது தற்செயல். பெட்டி தமிழ்ச்சொல்.)

பளபளப்பு ஏறியது பாரிஸில். அங்குள்ள பெரிய வடிவமைப்பாளர்கள் ஆளுக்கு அளவெடுத்துத் தைப்பதோடு நிற்காமல், தைத்துவைத்த உடைகளைத் தனிக் கடையில் விற்றார்கள். 1966இல் ஈவ் சான் லோரான் திறந்த ‘ரிவ் கோஷ்’ அப்படிப்பட்டது. அதன்பின் ‘சின்னக் கடை’ மெல்ல ‘தேர்ந்தெடுத்த சரக்குள்ள கடை’ ஆனது. அறை குறைவான ஓட்டலுக்கும் இன்று அதே அடைமொழி.

தமிழில் எழுதுவதுதான் பெரும்பாடு. பலகையில் தமிழ் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி, சரிதான். ஆனால் எப்படி எழுதுவது? ‘புட்டிக்’ என்றால் சீசா நினைவு வருகிறது. ‘பூட்டிக்’ என்றால் கடை பூட்டிக் கிடப்பதுபோல் இருக்கிறது. பொட்டி என்றால் பெட்டிதானே, சரக்கறைக்கு அது பொருத்தம் என்று ‘பொட்டீக்’கில் நின்றோம்.

இந்தச் சொல் எந்தத் தரத்துக்கும் உத்தரவாதம் அல்ல. பிரான்சில் ‘ஓத் கூத்யூர்’ (ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் உயர்தர உடை) என்று போட்டுக்கொள்ள 1945 முதல் சட்டக் கட்டுப்பாடு உண்டு. பொட்டீக்குக்கு அப்படி எதுவும் இல்லை. ஒரு பொம்மையும் இரண்டு ஸ்பாட் லைட்டும் இருந்தால் யாரும் எழுதிக்கொள்ளலாம். ஆகவே எந்தக் கடையானாலும், எங்களிடமும், பலகையை விட்டுவிட்டு வேலையைப் பற்றிக் கேளுங்கள்.

முதலில் பிளவுஸின் உள்பக்கம் வைக்கும் லைனிங். பருத்தி லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணியான பட்டு அப்படிச் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் கைக்குழியிலும் முதுகிலும் சுருக்கம் விழும், எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. அதனால் லைனிங்கை ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்ட பிறகே வெட்டுகிறோம். ‘இன்னைக்கே வேணும்’ என்றால் நாங்கள் தயங்குவது இதற்காகத்தான்.

அடுத்தது ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் நூலும் மணியும் கோத்துச் செய்யும் பூவேலை. அளவெடுத்து, கழுத்தும் கையும் துணியில் வரைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி வேலை செய்து, கடைசியில்தான் வெட்டுவோம். வேலை தொடங்கிய பின் ‘கழுத்தை இன்னும் கொஞ்சம் இறக்குங்க’ என்றால் முடியாது. தையல் ஓடும் கோட்டில் அரை அங்குலம் மணி இல்லாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி முறியும், மணியும் உடையும்.

உள்ளே விடும் துணியையும் பாருங்கள். பக்கத் தையலில் முன்துண்டு, பின்துண்டு இரண்டிலும் 1 அங்குலம் விட்டிருந்தால், பின்னாளில் சுற்றளவில் 3 அங்குலம் வரை பிரித்துவிடலாம். கையிலும் அதேபோல் விடாவிட்டால் அக்குளில் பிடிக்கும். பட்டில் பழைய ஊசித்துளை தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

‘ஒரே பீஸ்தான், வேறு யாரிடமும் இருக்காது’ என்று யார் சொன்னாலும், ஒன்றே ஒன்று என்பது துணியா, துணியில் உள்ள அச்சா, தையலா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு விஷயம்.

துணி கொடுக்க வரும்போது கச்சிதமாகப் பொருந்தும் அளவு பிளவுஸ் ஒன்றும் சேலையும் கொண்டு வாருங்கள். ஆரி வேலை இருந்தால் முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
கடையினர்
மயிலாப்பூர், சென்னை