வீட்டுத் திருட்டுக்கு 7 ஆண்டு, பாலியல் தொல்லைக்கு 3 ஆண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, பாலியல் குற்றத் தண்டனைகள் பற்றிய தலையங்கம் படித்தேன். பலாத்கார வழக்குகளுக்குக் கடும் தண்டனை உண்டு, சரி. ஆனால் அதற்குக் கீழே உள்ளவை? நாட்டின் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆவது பிரிவில், வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை. 75ஆவது பிரிவில், விருப்பமின்றித் தொட்டு அத்துமீறும் பாலியல் தொல்லைக்கு அதிகபட்சமே 3 ஆண்டுதான். வெறும் அபராதத்தோடும் விட்டுவிடலாம். பெண்ணின் உடலைவிடப் பீரோவிலுள்ள நகை பெரிதா?

என்னோடு வேலை பார்த்த பெண் ஒருவர் புகார் கொடுத்த பிறகு, லிஃப்டில் தனியாக ஏறவே பயந்து, கடைசியில் வேலையையே விட்டார். தூக்கு தேவை என்று நான் கேட்கவில்லை. 75ஆவது பிரிவில் ‘அபராதம் மட்டும்’ என்ற வாய்ப்பை நீக்கி, குறைந்தபட்சச் சிறைத் தண்டனையை நாடாளுமன்றம் நிர்ணயிக்க வேண்டும்.