எங்கள் பிள்ளைகளையும் முதல்நன்மை வகுப்பில் இருத்துங்கள்

திருகோணமலை மறைமாவட்டத்தின் பங்குத்தந்தையருக்கும், அருட்சகோதரிகளுக்கும், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். என் மூத்த மகள், பேச்சும் கற்றலும் பிந்தும் டவுன் சிண்ட்ரோம் என்ற நிலையுடன் பிறந்தவள். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளை முதன்முறை நற்கருணை (பூசையில் கொடுக்கும் அர்ச்சித்த அப்பம்) வாங்க ஆயத்தப்படுத்தும் அடுத்த முதல்நன்மை வகுப்பு தொடங்கும்போது உங்கள் பங்கில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோர் வந்து கேட்கட்டும் என்று இருக்காமல் நீங்களே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

நீங்களே போக வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை இல்லை என்று கேட்ட பெற்றோர் திரும்ப வந்து கேட்பது அரிது. நாங்கள் கேட்டபோது கிடைத்த பதில் இது: "அவவுக்கு என்னம்மா விளங்கப் போகுது? கடவுள் அவவை இப்படியே ஏற்றுக்கொள்ளுவார். ஏன் பிள்ளையைக் கஷ்டப்படுத்துறீங்கள்?" அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் வர வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். பிறகு வேறொரு பங்கில் ஒரு அருட்சகோதரி அவளைப் பொறுப்பெடுத்துப் படிப்பித்தார். அவருக்கு எங்கள் வீடு முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

விளங்குமா என்ற கேள்விக்குத் திருச்சபையே பதில் சொல்லியிருக்கிறது. 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சிறுவர்கள் ஏழு வயதளவில் நற்கருணை வாங்கலாம் என்று அறிவித்தபோது, முழு மறைக்கல்விப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. தன் அளவுக்கு விசுவாசத்தின் அடிப்படையை அறிந்திருந்து, சாதாரண உணவுக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் போதும் என்றார். 2020இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி இன்னும் நேராகவே பேசுகிறது: மாற்றுத்திறனாளிகளுக்குத் திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருட்சாதனங்களை யாரும் மறுக்க முடியாது.

என் மகளுக்கு அந்த வேறுபாடு தெரியும். அதைத் தெரிய வைத்தது வகுப்புக்கு முன்பே அவளுடைய அம்மம்மாதான். எங்கள் வீட்டில் பொழுதுபட்டதும் செபமாலை. "அருள் நிறைந்த மரியே" முழுதாகச் சொல்ல அவளுக்கு வராது. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் ஆமென் சொல்லுவது அவள்தான். தம்பி தூங்கி விழுந்தால் தட்டி எழுப்புவதும் அவள்தான். மேசையில் பாண் இருந்தால் கேளாமலே பிய்த்து வாயில் போடுகிறவள், கோயிலில் கைகூப்பிக்கொண்டு வரிசையில் நிற்பாள். இந்தப் பிள்ளைகள் பேசுவதை விட அதிகம் விளங்கிக்கொள்ளுகிறவர்கள். பேச்சு பிந்துவதால் அறிவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

படிப்பிப்பது எப்படி என்று பயப்படும் ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இவர்களுக்குக் காதால் கேட்டதை விடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். அதனால் படம் காட்டுங்கள், செய்து காட்டுங்கள். சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள். வகுப்பை ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஒழுங்கில் நடத்துங்கள். பலருக்குக் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவாக இருக்கும். ஆகவே முன்வாங்கில் இருத்துங்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். நாங்கள் பொறுமை இழக்கும் நேரத்தில்தான் பதில் வந்துகொண்டிருக்கும். தசைகள் தளர்வாக இருப்பதால் அப்பத்தை நாக்கில் வைத்து விழுங்குவதும் சிலருக்குச் சிரமம். அருட்சகோதரி அர்ச்சிக்கப்படாத அப்பத்தைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுத்துப் பழக்கினார். உண்மையில் பூசை இவர்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். எழும்புவது, முழங்காலிடுவது, மணி, பாட்டு, சமாதானம் சொல்லிக் கைகொடுப்பது, எல்லாம் வாரந்தோறும் ஒரே மாதிரி.

குருக்களிடம் தனியாக ஒன்று. திருமுழுக்குக்கு இப்படி ஒரு குழந்தையைக் கொண்டுவரும் தாய், அதற்கு முன்பே எத்தனையோ கதை கேட்டிருப்பாள். யார் செய்த பாவமோ என்பார்கள். கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டாள் என்பார்கள். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் குறித்துச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவன் செய்த பாவமும் இல்லை, பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று இயேசு வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். அதைப் பிரசங்கத்தில் எங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். 21ஆவது நிறமூர்த்தம் (குரோமோசோம்) இரண்டுக்குப் பதிலாக மூன்று இருப்பதுதான் காரணம், பெரும்பாலும் அது பரம்பரையாக வருவதில்லை என்பதையும் சொல்லுங்கள். 1959இல் இதை வெளியிட்ட பிரெஞ்சு வைத்தியர்களில் ஒருவரான ஜெரோம் லெஜன் ஆழ்ந்த கத்தோலிக்கர். 2021இல் திருச்சபை அவரை, புனிதர் நிலைக்குப் போகும் வழியில் ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. விசுவாசமும் விஞ்ஞானமும் இந்தப் பிள்ளைகளிடத்தில் சண்டை பிடிக்கவில்லை.

அப்புறம் அந்தத் தாயிடம், "இருதயத்துக்கு எக்கோ ஸ்கான் எடுத்தாச்சா?" என்றும் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. நேரத்தோடு கண்டால் பலவற்றைச் சத்திர சிகிச்சையால் சீராக்கலாம். தைரொயிட்டும் காதும் கண்ணும் தொடர்ந்து பார்க்க வேண்டியவை. கிளினிக்கில் சொன்னதை மறந்த தாய்மார்கூடச் சுவாமி சொன்னால் போவார்கள். சுகம் வேண்டிப் பாலையூற்று லூர்து அன்னையிடம் நேர்த்தி வைக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நாங்களும் போகிறோம். ஆனால் பிள்ளை மாறவேண்டும் என்று மட்டும் சபையாகச் செபித்துவிட்டு, பிள்ளை இருக்கிறபடியே வந்து இருக்க ஒரு வாங்கு கொடுக்காவிட்டால் அது சரியில்லை.

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். ஐ.நா. 2012 முதல் அனுசரிக்கிறது. பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். அந்த நாளுக்கு விழாவோ பரிசுப் பொதியோ எங்களுக்கு வேண்டாம். உங்கள் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டை இந்த மாதமே எடுத்து, முதல்நன்மைக்குரிய வயது வந்தும் அதைப் பெறாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் என்று பாருங்கள். வகுப்பில் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் பூசை முடிந்ததும் நான் வந்து நிற்கிறேன். மகளுக்குச் செய்த பட அட்டைகளையும் கொண்டுவருகிறேன்.

செபத்துடன்,
உப்புவெளியிலிருந்து ஒரு தாய்