பழைய சிந்தசைசர் இசைக்கு வயதாகிவிட்டதா? நண்பனுக்கு ஒரு கடிதம்

மதுரை
5 ஜனவரி 2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தங்கைக்கு முழங்கால் வலி குறைந்து, பிடி இல்லாமல் மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் மனம் ஆறுதல் அடைந்தது. இங்கே எல்லோரும் நலம். நான் கச்சேரி மேடைகளுக்குப் போவதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் வீட்டுக்கு வரும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பதோடு சரி. அதனால் நீ கேட்டிருந்த கேள்வியை நிதானமாக யோசிக்க எனக்கு நேரம் கிடைத்தது.

மேலமாசி வீதி மாடி அறையில், உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளை நாடா தேயும்வரை கேட்டோமே, அந்த மின்னணு இசையை இப்போது கேட்டால் பழைய வாடை அடிக்கிறதா, அல்லது நமக்குத்தான் காது பழசாகிவிட்டதா என்று கேட்டிருந்தாய். இரண்டு வாரங்களாக ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டேன். எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேறொரு வாத்தியத்தின் இடத்தில் உட்கார நினைத்த ஒலிகளுக்குத்தான் வயதாகியிருக்கிறது. தானாகவே நின்ற ஒலிகள் அன்றிருந்தபடியே இருக்கின்றன. ஆனால் இது எப்போதும் இவ்வளவு நேராக இருப்பதில்லை.

என்னிடம் இருக்கும் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர், மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் அந்தக் கீபோர்டு, உனக்கு நினைவிருக்கும். 1983-இல் வெளிவந்த மாதிரி. எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு வரும்போதே அது இரண்டு கை மாறியிருந்தது. போன மாதம் அதைத் திறந்தேன். உள்ளே பலகையில் ஈயம் வைத்துப் பற்றியிருக்கும் காசு அளவு பேட்டரிதான், மின்சாரம் இல்லாத நேரத்திலும் 32 ஒலிகளை நினைவில் காத்துக்கொண்டிருப்பது. அது ஓய்ந்துபோய், நினைவில் இருந்தவை எல்லாம் கலைந்து, எதைத் தொட்டாலும் கரகரப்பாக வந்தது. ஈயத்தை உருக்கிப் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, அடுத்த முறை சிரமம் இருக்கக்கூடாது என்று ஒரு சின்னத் தாங்கியைப் பற்றவைத்து, அதில் புதியதைப் பொருத்தினேன். பிறகு தொழிற்சாலை ஒலிகளை மடிக்கணினியிலிருந்து மிடி கம்பி வழியாக ஏற்றினேன். மின்னணு வாத்தியங்களும் கணினியும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுத்த அந்த மிடி முறையும் அதே 1983-இல் வந்ததுதான். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய வாத்தியமும் இன்றைய கணினியும் அந்த ஐந்து ஊசிச் செருகி வழியாக ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அன்று மாலை வகுப்புக்கு வந்த பதினாறு வயதுப் பையனிடம் இரண்டு ஒலிகளை வாசித்துக் காட்டினேன். முதலில் வயலின் கூட்டத்தைப் போல் ஒலிக்க வேண்டும் என்று அதில் வைத்திருக்கும் ஒலி. அவன், “இது ஆர்மோனியமா சார்?” என்று கேட்டான். அடுத்து 11ஆம் எண்ணில் இருக்கும் எலெக்ட்ரிக் பியானோ. எண்பதுகளின் காதல் பாடல்களில் உலகமெங்கும் கேட்ட அந்தக் கண்ணாடி மணி போன்ற ஒலிதான். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, “சார், இந்த சவுண்ட் ரொம்ப நல்லா இருக்கு, எந்த ஆப்ல கிடைக்கும்?” என்றான்.

எனக்கு வியப்பாக இருந்தது. ஏனென்றால், இரண்டில் எனக்கு அதிகம் பழசாகக் கேட்பது அந்தப் பியானோதான். அதன் முதல் சுரம் விழுந்தவுடன் 1988-இன் கல்யாண வரவேற்பு மேடையும், பந்தலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரின் புகையும் வந்துவிடும். அந்த வாத்தியத்தில் ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைத்துத்தான் ஒலி பிறக்கும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் கண்டறிந்த முறை அது. ஆறு அலைகள், அவற்றைக் கோக்க 32 வகை அமைப்புகள், காட்டுவதற்கோ சின்னத் திரை ஒன்றுதான். புதிய ஒலியை அதில் உருவாக்குவது பெரும்பாடு. ஆகவே என்னைப் போன்றவர்கள் எல்லோரும் உள்ளே தயாராக இருந்ததையே வாசித்தோம். அப்படித்தான் ஒரே ஒலி ஆயிரம் பாட்டுகளில் ஏறி, ஒரு சில ஆண்டுகளின் முத்திரையாகிவிட்டது. ஆனால் அந்த முத்திரை குத்தப்பட்டிருப்பது என் நினைவில்தான். பையனிடம் அந்த நினைவு இல்லை. இன்னொன்றும் உண்டு: அந்த ஒலி, சுத்தியல் தட்டி உலோகத் தண்டு அதிரும் ரோட்ஸ் பியானோவின் நகல். அவன் தன் வாழ்நாளில் ரோட்ஸைக் கேட்டதில்லை. வயலினை நாள்தோறும் கேட்கிறான். மூலத்தைக் கேட்டவனுக்குத்தான் நகல் நகலாகத் தெரிகிறது. மூலம் ஊரைவிட்டுப் போய்விட்டால், நகலே சொந்தக்காரனாகிவிடுகிறது.

ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கதையும் இதையே சொல்கிறது. 1980-இல் அது வந்தபோது, அதே ஆண்டு வந்த லின் எல்எம்-1 என்னும் இன்னொரு டிரம் மெஷின் உண்மையான டிரம் அடிகளைப் பதிவுசெய்து வைத்திருந்தது. 808-இலோ ஒவ்வோர் அடியையும் மின்சுற்றுதான் உண்டாக்கியது. டிரம்ஸுக்குப் பதிலாக வைக்க அது உதவவில்லை. சுமார் 12,000 கருவிகளோடு 1983-இல் உற்பத்தி நின்றது. பிறகு அதைப் பழைய பொருளாக மலிவு விலைக்கு வாங்கிய இளைஞர்கள், அதன் பேஸ் டிரம்மில் நீண்டு ஊர்ந்துபோகும் ரீங்காரத்தைக் கண்டுகொண்டார்கள். இன்று என் பிள்ளைகள் கீழ்ஸ்தாயியில் அதிரும் எந்த ஒலியையும் “எயிட்-ஓ-எயிட்” என்றே சொல்கிறார்கள். அது ஒரு பெட்டியின் பெயர் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். உண்மையான டிரம்ஸ் ஒலித்த லின் கருவிக்கு இன்று எண்பதுகளின் வாடை அடிக்கிறது. டிரம்ஸாக ஒலிக்கத் தெரியாத 808 நேற்றுப் பிறந்ததைப் போல ஒலிக்கிறது.

1977-இல் மியூனிக்கில் இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் பாடகி டோனா சம்மருக்காக உருவாக்கிய ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டு உன் மாமாவின் கேசட்டில் இரண்டாம் பக்கம் இருந்தது. நீ அதை ரீவைண்டு செய்து செய்து நாடா சிக்கிக்கொண்டதும், பென்சில் விட்டுச் சுற்றி எடுத்ததும் நினைவிருக்கிறதா? அந்தப் பாட்டில் பின்னணி முழுவதும் மோக் சிந்தசைசர் ஒன்றே. சற்று நேரத்தில் சுருதி நழுவிவிடும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பதிவுசெய்து, நிறுத்தி, சுருதி சேர்த்து, மறுபடியும் பதிவுசெய்தார்கள். ஓடிக்கொண்டே இருக்கும் அந்த பேஸ் வரியின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எதிரொலியைச் சேர்த்து, ஒன்றை இடக் காதிலும் மற்றதை வலக் காதிலும் வைத்ததால்தான் அது அப்படிச் சிறகடிக்கிறது. பேஸ் டிரம் மட்டும் மோக்கில் சரியாக அமையாததால் கீத் ஃபோர்சி என்பவர் காலால் மிதித்தே வாசித்தார். இந்த பேஸ் வரி எந்த வாத்தியத்தின் சாயலையும் தேடவில்லை. அதற்கு மேல் இன்னும் துல்லியமான ஒன்று வந்து அதைத் தள்ளிவிட வழியே இல்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்துக் கேட்டபோது, மாடி அறையில் இருந்த அதே சிலிர்ப்பு எனக்கு வந்தது.

இனி கிராஃப்ட்வெர்க் என்னும் ஜெர்மானிய மின்னணு இசைக் குழு. இவர்களைப் பற்றித்தான் உன்னோடு அதிகம் பேச வேண்டும் என்று இருக்கிறது. டுஸ்ஸல்டார்ஃப் நகரத்தில் தங்கள் க்ளிங் க்ளாங் கூடத்தில் உட்கார்ந்து இவர்கள் செய்தவற்றை வரிசையாகக் கேட்டேன். 1974-இன் ‘ஆட்டோபான்’, 1977-இன் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’, 1981-இன் ‘கம்ப்யூட்டர் வேர்ல்ட்’. மூன்றும் அப்படியே நிற்கின்றன. பிறகு 1991-இல் அவர்களே வெளியிட்ட ‘தி மிக்ஸ்’ கேட்டேன். தங்கள் பழைய பாடல்களையே, கூடத்தைக் கணினி முறைக்கு மாற்றிய பிறகு, அன்றைய புதிய ஒலிகளோடு மறுபடி செய்த தொகுப்பு அது. அந்தக் காலத்தில் அது பழையதைவிடப் பளிச்சென்று இருந்திருக்கும். இன்று கேட்கும்போது, 1991-இல் வெளிவந்ததுதான் 1974-ஐவிடப் பழசாகக் கேட்கிறது. டிரம் அடிகள் விழும் விதத்திலேயே, அது எந்த ஆண்டுக்குப் போட்டியாக நின்றது என்று தெரிந்துவிடுகிறது. பழைய வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால், முதலில் உரிவது அந்தப் பெயின்ட்தான்.

இதே அனுபவம் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையிலும் எனக்குக் கிடைத்தது. 1963-இல் டீலியா டெர்பிஷயர், சிந்தசைசர் கடைக்கு வராத காலத்தில், மீட்டிய ஒரு தந்தியின் ஒலியையும் சோதனைக் கருவிகளின் ஒலியையும் நாடாவில் பதிந்து, சுரம் சுரமாக வெட்டி ஒட்டிச் செய்த வடிவம் எந்தக் காலத்தையும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறது. 1980-இல் சிந்தசைசர் கொண்டு புதுப்பித்த வடிவமும் நேர்த்தியானதே; ஆனால் கேட்டவுடன் ஆண்டைச் சொல்லிவிடலாம்.

இங்கே என் கருத்துக்கே இடிக்கும் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ‘ஆட்டோபான்’ பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும், 22 நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. கார்க் கதவு மூடும் ஒலியோடு தொடங்கும் அதில், நெடுஞ்சாலையில் வண்டிகள் நம்மைக் கடந்துபோகும் ஓசையைச் சிந்தசைசரிலேயே செய்திருக்கிறார்கள். அதுவும் போலச் செய்ததுதானே, அதற்கு ஏன் வயதாகவில்லை? இரண்டு நாள் யோசித்தேன். மிமிக்ரி மேடையில் ஒருவர் ஒரு நடிகரின் குரலை எடுக்கும்போது, அவர்தான் அந்த நடிகர் என்று யாரும் ஏமாறுவதில்லை. எடுத்துக்காட்டிய அழகுக்காகக் கைதட்டுகிறோம். அந்த வண்டிகள் அப்படித்தான் கடந்துபோகின்றன. வயலின்காரருக்குச் சம்பளம் மிச்சப்படுத்த வைத்த வயலின் ஒலி வேறு வகை. நானே அதை வைத்து எத்தனையோ கச்சேரி முடித்திருக்கிறேன். அன்று மேடைக்கு வராமல் போன வயலின்காரர்களை நினைத்தால் இப்போதும் மனம் உறுத்துகிறது.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். மும்பைத் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கையாண்டவை 808, டிபி-303, ஜுப்பிட்டர்-8 ஆகிய மூன்று ரோலண்ட் கருவிகள். 303 என்பது, தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குப் பேஸ் கிட்டார் துணையாக இருக்கட்டும் என்று செய்யப்பட்டது. பேஸ் கிட்டாரைப் போல அது ஒலிக்கவேயில்லை. ஆனால் அதில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போக வசதி உண்டு, ராகத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தத் தட்டு அப்போது கண்டுகொள்ளப்படவில்லை. 2010-இல் மறுபடி வெளிவந்தபோது, 1987-இல் சிகாகோவிலிருந்து வெளிவந்த ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் மின்னணு நடன இசையை அது ஐந்து ஆண்டுகள் முந்தியே தொட்டிருப்பதைக் கண்டு, யாரோ இப்போது செய்து பழசு என்று ஏமாற்றுகிறார்கள் என்றே பலர் சந்தேகப்பட்டார்கள். மால்கௌன்ஸ், அதாவது நம் ஹிந்தோளம், அந்த 303-இல் நெளிந்து வருவதை நீ கட்டாயம் கேட்க வேண்டும். அவர் 2015-இல் மறைந்தார்; கடைசி ஆண்டுகளில் வெளிநாட்டு மேடைகளில் இளைஞர்கள் முன் அதை வாசிக்கும் பேறு அவருக்குக் கிடைத்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பிள்ளைகளுக்கு இவை எப்படிக் கேட்கின்றன என்றும் கேட்டிருந்தாய். நான் எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் குறை சொல்லவில்லை. ஒலியின் நிறம் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. “சவுண்ட் சின்னதா இருக்கு சார்” என்பதுதான் புகார். அது நியாயம். இசைத்தட்டில் கீழ்ஸ்தாயியை அதிகம் ஏற்றினால் ஊசி தடம் மாறிவிடும் என்பதால் அன்று அளந்தே வைத்தார்கள். தொண்ணூறுகளுக்குப் பிறகு எல்லாப் பதிவுகளையும் அழுத்தி அழுத்தி உரக்கச் செய்யும் பழக்கம் வந்தது. பிள்ளைகள் அதிலேயே வளர்ந்தவர்கள். ஆகவே இயர்போனைக் கழற்றச் சொல்லி, என் பழைய ஸ்பீக்கர்களில் ஒலியைக் கூட்டி வைத்தேன். அந்தப் பதினாறு வயதுப் பையன் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா வாசலில் ஸ்கூட்டியில் ஹாரன் அடித்தும் உள்ளேயே இருந்தான்.

மாசி மாதம் உன் அக்கா பேத்தி காதணி விழாவுக்கு மதுரை வருவதாக எழுதியிருக்கிறாய். அப்போது இரண்டு நாள் கூடுதலாகத் தங்கும்படி வா. சிக்கிய இடத்தில் நாம் செலோடேப் ஒட்டிய அந்தக் கேசட் உன்னிடம்தான் இருக்கிறது. பரணில் தேடி எடுத்துக்கொண்டு வா. டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்து, பெல்ட் மாற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்