பழம்பொருள் என்று விற்கப்பட்ட இழுப்பறை அலமாரி குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், விற்பனைப் பிரிவு,
பழம்பொருள் அறைகலன் நிறுவனம்,
சென்னை.

பொருள்: 1860ஆம் ஆண்டைச் சேர்ந்தது என விற்கப்பட்ட இழுப்பறை அலமாரி அண்மைக்காலத் தயாரிப்பாக இருப்பது – முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்திடம் ரூ.1,85,000 செலுத்தி வாங்கிய, ஐந்து இழுப்பறைகள் கொண்ட மர அலமாரியைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன். தங்கள் முத்திரையிட்ட ரசீதில் அது 1860ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் பயன்படுத்திய கேம்பெய்ன் அலமாரி என்றும், முழுவதும் பர்மா தேக்கு என்றும் குறிப்பிடப்பட்டுள்ளது. பணம் செலுத்துவதற்கு முன்பே, பின்பக்கத்தையும் இழுப்பறைகளின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புமாறு எழுத்து மூலம் கேட்டிருந்தேன். பொருள் கிடங்கில் கட்டி வைக்கப்பட்டிருப்பதால் படம் எடுக்க இயலாது என்றும், அது அசல் என்பதற்கு நிறுவனமே பொறுப்பு என்றும் தங்கள் விற்பனையாளர் பதில் அனுப்பினார். அந்தப் பதிலின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படை அதிகாரிகள் முகாம் விட்டு முகாம் செல்லும்போது உடன் கொண்டுசென்ற இவ்வகை அலமாரிகள் தூக்கிச் செல்வதற்கென்றே செய்யப்பட்டவை. மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனித்தனியே பிரியும். கால்களைத் திருகிக் கழற்றலாம். கைப்பிடிகள் வெளியே துருத்தி நிற்காமல் மரத்தின் மட்டத்துக்குப் பதிக்கப்பட்டிருக்கும். மூலைகள் அடிபடாமல் இருக்கப் பித்தளைத் தகடு பொருத்தியிருப்பார்கள். தாங்கள் அனுப்பிய அலமாரியில் பித்தளைத் தகடுகளும் உள்ளன, பதித்த கைப்பிடிகளும் உள்ளன. ஆனால் அலமாரி பிரியவில்லை. முன்பக்கத்தில் இரு பாதிகளும் சேரும் இடம்போலத் தெரிவது, சட்டத்தில் கீறிவிடப்பட்ட வெறும் கோடு. அந்தக் கோடு பக்கப் பலகைகளைத் தாண்டிப் பின்னால் செல்லவே இல்லை. கால்களோ பசை வைத்து அடியில் நிரந்தரமாக ஒட்டப்பட்டுள்ளன. எந்தத் தேவைக்காக இந்த வடிவம் உண்டானதோ அந்தத் தேவைக்கே இது உதவாது.

இழுப்பறைகளை வெளியே எடுத்துப் பார்த்தபோது ஐயத்துக்கே இடமில்லாமல் போயிற்று. அடிப்பலகை ஐந்திலும் பிளைவுட். மூலைகளில் உள்ள டோவ்டெயில் (புறா வால் வடிவப் பற்களைக் கோத்த) இணைப்புகள் அனைத்தும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இயந்திரத்தால் வெட்டப்பட்டவை. கையால் வெட்டிய பழைய இணைப்பில் பற்களின் அகலம் சற்றே மாறுபடும், ஆசாரி அளவுக்காகக் கீறிய கோடும் பெரும்பாலும் தங்கியிருக்கும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து மூடப்பட்ட இழுப்பறையாக இருந்தால், அது உராய்ந்து ஓடும் அடிவிளிம்பும் அதைத் தாங்கும் சட்டமும் தேய்ந்து குழிந்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் இழைப்புளி பட்ட கூர்மை மாறாமல் இருக்கின்றன. வெளியில் தெரியும் பித்தளைத் தகடுகளில் மட்டும் ஒற்றைப் பள்ளம் கொண்ட திருகாணிகளைப் பொருத்திவிட்டு, உட்புறம் முழுவதும் தலையில் சிலுவை வடிவப் பள்ளம் கொண்ட ஸ்டார் ஸ்க்ரூ பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது. எது கண்ணில் படும், எது படாது என்று தெரிந்தே செய்த வேலை இது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பலகைகள் தேக்குதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இழுப்பறைகளின் பக்கப் பலகைகள், சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டிய வெளிர்நிற மரத்தால் ஆனவை. அதன் மேல் பூசிய பழுப்புச் சாயம் ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர் மரவாடி உரிமையாளரும், பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்கும் ஆசாரி ஒருவரும் தனித்தனியே பார்த்துவிட்டு, அது ரப்பர் மரம் என்றே கூறினர். ரப்பர் விதைகள் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் பெருமளவில் சென்றதே 1876இல்தான்; அங்கு முளைத்த கன்றுகளே பிறகு இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அந்த மரத்தில் இங்கே அலமாரி செய்திருக்க வழியே இல்லை.

நான் தொலைபேசியில் முறையிட்டபோது, பழைய பொருள்களில் பிற்காலப் பழுதுபார்ப்பு இருப்பது இயல்பு என்று விளக்கம் தரப்பட்டது. அது உண்மைதான். ஆனால் பழுதுபார்ப்பு என்றால் பழைய பாகத்துக்கும் புதிய பாகத்துக்கும் வேறுபாடு தெரியும்; ஓர் அடிப்பலகை மாறியிருக்கும், மற்றவை சுருங்கியோ வெடித்தோ பழையபடி இருக்கும். ஐந்து இழுப்பறைகளும் ஒரே பலகையில், ஒரே இயந்திரத்தில், ஒரே சாயத்தில் உருவாகியிருப்பதைப் பழுதுபார்ப்பு என்று எப்படி ஏற்பது?

பழைய வடிவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்வது தவறன்று. நல்ல ஆசாரி செய்த நகலை நகல் என்றே சொல்லி விற்றால், அதற்குரிய விலையை மதிப்போடு கொடுப்பேன். இல்லாத ஆண்டையும் இல்லாத அதிகாரியையும் சேர்த்து விலையேற்றியதையே எதிர்க்கிறேன். இத்தகைய விற்பனையால், காரைக்குடி போன்ற ஊர்களில் உண்மையான பழைய தேக்குச் சாமான்களை நேர்மையாக விற்போரும் ஐயத்துக்கு உள்ளாகிறார்கள். மேலும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத கைவினைப் பொருள்களை விற்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இந்த அலமாரி 1860ஆம் ஆண்டினது என்று இன்னமும் சொல்வீர்களானால், தங்கள் உரிம எண்ணையும், அந்த ஆண்டு எந்த ஆதாரத்தைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது என்பதையும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

எனவே, செலுத்திய ரூ.1,85,000 முழுவதையும், நான் தனியே கொடுத்த வண்டி வாடகையையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தந்து, தங்கள் செலவிலேயே அலமாரியை எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். மரத்தின் வகையில் தங்களுக்கு மாற்றுக் கருத்து இருந்தால், இரு தரப்பினர் முன்னிலையிலும் எடுக்கப்படும் மாதிரியைப் பெங்களூரில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஆய்வுக்கு அனுப்ப நான் உடன்படுகிறேன். இரண்டுக்கும் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொகையோடு இழப்பீடும் கோரி முறையீடு செய்வேன்.

ரசீது, விற்பனையாளரின் பதில், இழுப்பறைகளின் உட்புறம், அடிப்புறம், திருகாணிகள் ஆகியவற்றின் படங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அலமாரியைப் பழுதுபார்க்கவோ மெருகேற்றவோ இல்லை. தங்கள் பிரதிநிதி எந்த வேலைநாளிலும் நேரில் வந்து பார்வையிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்